உறையாத ரத்தம்

சின்னவன் போன் செய்தபோது நான் ஓர் ஈரலைக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கையுறை. எடுக்கவில்லை. விடாமல் அடித்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பேசினேன்.

"அத்தான், ஒரு மாடு சாஞ்சிடுச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

சாய்ந்துவிட்டதா, செத்துவிட்டதா என்று கேட்டேன். விடியும்போதே செத்துக் கிடந்தது என்றான். நேற்று மாலை நன்றாகத்தான் தீனி எடுத்ததாம். இருமல் இல்லை, கழிச்சல் இல்லை.

"தொடாத. நான் வர்றேன்."

சின்னவன் என் மனைவியின் தம்பி. எந்த வேலையிலும் நிலைக்காதவன் என்று பேர் எடுத்தவன். ஊருக்கு வெளியே மாட்டுப்பண்ணை போட்டபோது இது எத்தனை மாதத்துக்கு என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் அப்பா, என் மாமனார், கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருக்கிறார். நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு நகரத்து இறைச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அறுக்கும் முன் மாட்டைப் பார்ப்பேன். அறுத்த பின் கறியைப் பார்ப்பேன். குறை இல்லையென்றால் தோளிலும் தொடையிலும் ஊதா மையில் முத்திரை குத்துவேன். கூடத்தில் எனக்குச் சீல் டாக்டர் என்று பேர்.

என் மனைவி இறந்துபோன பிறகு நானும் என் மகள் பாப்பாவும் மாமனார் வீட்டு மாடியில் இருக்கிறோம். தனி வீடு பார்க்கவா என்று போன வாரம் நான் கேட்டதற்கு அத்தை அழுதார். மாமா, இந்த வீட்டில் இன்னொருவர் வெளியே போகக் கூடாது என்றார். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். அந்தப் பேச்சு அங்கேயே நிற்கிறது.

இறைச்சிக்கூடத்தில் மீதி மாடுகளை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பண்ணை வாசலில் சின்னவன் நின்றுகொண்டிருந்தான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கையில் தோல் உரிக்கும் கத்தி. பக்கத்தில் ஒரு வாளி.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்தது உங்க மாடா என் மாடான்னு தெரியல அத்தான்," என்றான். அவனே சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் கத்தியைக் கால் பக்கம் மறைத்துக்கொண்டான். தோலையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தானாம்.

கத்தியைக் கீழே போடச் சொன்னேன்.

மாடு கொட்டகையின் கடைசியில் கிடந்தது. வயிறு உப்பி மேல் பக்கத்துக் கால்கள் இரண்டும் தரையைத் தொடாமல் தூக்கியிருந்தன. செத்து இவ்வளவு நேரமாகியும் மூட்டுகள் விறைக்கவில்லை. மூக்கிலிருந்தும் வாலடியிலிருந்தும் ரத்தம் வந்து சிமெண்ட் தரையில் தேங்கியிருந்தது. தார் நிறம். ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பார்த்தேன். எண்ணெய் போல ஒழுகியது. கட்டியாகவில்லை.

ஈக்கள் இருந்தன. அவற்றைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகக்கவசமும் புதுக் கையுறையும் போட்டுக்கொண்டு காது நரம்பில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டேன். குத்திய இடத்தில் மருந்துப் பஞ்சை வைத்து அழுத்திக் கட்டினேன். இதை அறுக்கவோ உரிக்கவோ கூடாது, இழுத்துப் போடவும் கூடாது, ஆள் உயரத்துக்கு மேல் குழி வேண்டும், சுண்ணாம்பு மூட்டை மூட்டையாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். சின்னவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஏன் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. அவன் எதற்கும் ஏன் என்று கேட்கிற ஆள்.

கொட்டகைக்குப் பின்னால் கோடையில் ஒரு குட்டை வெட்டியிருந்தான். வெட்டும்போது பழைய மாட்டெலும்புகள் கூடை கூடையாக வந்தன என்று வீட்டில் கதை சொன்னது ஞாபகம் வந்தது. மழைக்குப் பிறகு மாடுகள் அந்தக் கரையில்தான் மேய்கின்றன. நான் சந்தேகப்பட்ட நோயில் செத்த மாட்டைப் புதைத்தால் அதன் வித்து மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கல்லூரியில் அதை ஒரு வரியாகப் படித்தோம். பரீட்சையில் ஒரு மதிப்பெண்.

"இதுக்கு முன்னாடி எதாவது செத்துச்சா?"

"இல்லத்தான். இதுதான் மொதல்."

மாடுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் காய்ச்சல் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாக நடந்து பார்த்தேன். நடுவில் ஒரு முளை காலியாக இருந்தது. கயிறு இருந்தது, மாடு இல்லை. அந்த இடத்துத் தரையை மட்டும் யாரோ பிளீச்சிங் பவுடர் போட்டு வெள்ளையாகத் தேய்த்திருந்தார்கள்.

"இங்க கட்டியிருந்தது எங்க?"

"அத வித்துட்டேன்."

"யாருக்கு?"

சின்னவன் பொய் சொல்லும்போது பூட்ஸால் தரையைத் தேய்ப்பான். அவன் அக்கா சொல்லியிருக்கிறாள். இப்போது தேய்த்தான்.

நான் காத்திருந்தேன். எனக்குக் காத்திருப்பதில் சிரமம் இல்லை. அவனால் முடியவில்லை.

"அது சாகல அத்தான். ஞாயித்துக்கிழம காலைல நின்னுட்டே இருந்தது, பொத்துன்னு விழுந்துச்சு. அப்பா பக்கத்துலதான் இருந்தாரு. உசுரு இருக்கும்போதே அறுத்துட்டோம். செத்த மாட்டையா வெட்டுனோம்? அதெல்லாம் இல்ல."

"ரத்தம் எப்படி இருந்துச்சு?"

அவன் முகம் தெளிந்தது. நல்ல சேதி சொல்லக் கிடைத்துவிட்டது போல.

"அருமையா ஓடுச்சு. கொஞ்சம் கூடக் கட்டி தட்டல. இவ்ளோ சுத்தமா ரத்தம் வடிஞ்ச மாட்ட என் வாழ்நாள்ல பாத்ததில்லடான்னு அப்பாவே சொன்னாரு."

கறிக்கடைக்காரருக்கு ரத்தம் தங்கிய கறி மட்டமான கறி. முழுதும் வடிந்த கறிதான் நல்ல கறி. மாமா கடை வைத்த நாளிலிருந்து கறியை அப்படித்தான் தரம் பார்க்கிறார். அதில் அவர் தவறுவதில்லை. ஆனால் ரத்தம் உறையவே உறையாமல் ஓடுகிற ஒரு நோய் உண்டு. அடைப்பான் என்பார்கள். ஆந்த்ராக்ஸ். அந்த மாட்டை வெட்டியவர், தோல் உரித்தவர், கறியைக் கழுவியவர் என்று யார் உடம்பில் சின்னக் கீறல் இருந்தாலும் உள்ளே போய்விடும். அப்பாவும் மகனும் அதை நின்று ரசித்திருக்கிறார்கள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

சின்னவன் வாளியைக் காலால் தள்ளி வைத்தான்.

"ஞாயித்துக்கிழம உங்கள எழுப்பக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு. அக்கா போனதுலருந்து. அன்னிக்கு மட்டுந்தான் நீங்க தூங்குறீங்கன்னு."

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவதில்லை. கண்ணை மூடிப் படுத்திருப்பேன். அது அவர்களுக்குத் தெரியாது.

கறி என்ன ஆயிற்று என்று கேட்டேன். கடைக்குப் போனது என்றான். நான் சனிக்கிழமை முத்திரை குத்திய தொடை முன்னால் கொக்கியில் தொங்கியதாம். முத்திரை உள்ள பக்கத்தை மாமா எப்போதும் தெருவைப் பார்க்கத் திருப்பித்தான் மாட்டுவார். மாப்பிள்ளை குத்தியது என்று வருகிறவர்களிடம் காட்டுவார். அன்றைக்கும் காட்டியிருக்கிறார். வெட்டிக் கொடுத்தது பின்னால் பெட்டியில் இருந்த இந்த மாட்டை.

"வீட்டுக்கு?"

"ஈரலும் நெஞ்சுக்கறியும். அம்மாதான் கழுவி வெட்டுச்சு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் சாப்பிட்டேன். பாப்பாவுக்கு அத்தை ஊட்டிவிட்டார். ருசி நினைவில்லை.

சின்னவனின் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கை, கழுத்து, முகம் எல்லாவற்றையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். கட்டை விரலில் ஒரு கீறல் இருந்தது. பழையது. வேறு ஒன்றும் இல்லை. இன்னும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அவன் அப்போதுதான் கேட்டான்.

"இது அவ்ளோ மோசமா அத்தான்?"

"இன்னும் பாக்கல. பாத்துட்டுச் சொல்றேன்."

வழியில் வண்டியை நிறுத்தி அத்தைக்குப் போன் செய்தேன். ஃபிரிட்ஜில் இருக்கும் கறியைத் தொட வேண்டாம், கதவையே திறக்க வேண்டாம் என்றேன். கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். கையில், உடம்பில் எங்காவது கொப்புளம், புண் இருக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். காலையில் நான் சாப்பிடாமல் போனதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். பின்னால் பாப்பா பாடுவது கேட்டது. பள்ளிக்கூடம் விடுமுறை.

இறைச்சிக்கூடத்துப் பின்னறையில் ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறது. தகட்டைச் சூடு காட்டி, நீலச் சாயம் விட்டு, கழுவி, காயவைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் தரையைக் கழுவியபடி யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணை வைத்துத் திருகினேன்.

நீல நிறத்தில் குச்சி குச்சியாக இருந்தன. சதுர முனை. ஒன்றோடொன்று கோத்த மாதிரி வரிசை. ஒவ்வொன்றையும் சுற்றி இளஞ்சிவப்பாக ஓர் உறை. பாடப்புத்தகத்துப் படத்தைவிடத் தெளிவாக இருந்தது.

கால்நடைத் துறைக்கும் நகரத்துச் சுகாதார அலுவலகத்துக்கும் போன் செய்தேன். பண்ணையின் இடத்தைச் சொன்னேன். கடையின் இடத்தைச் சொன்னேன். கடைக்காரர் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் சுகாதார அலுவலர். என் மாமனார் என்றேன். ஆட்களை அனுப்புகிறேன், நீங்களும் அங்கே இருங்கள் என்றார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். இந்த வெக்கையில் மணிக்கட்டு வரை நீண்ட கை வைத்த ரவிக்கை. பானையைத் தூக்கும்போது வலது கை மட்டும் கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது.

"அத்தை, கைய காட்டுங்க."

"ஒண்ணும் இல்லங்க மாப்பிள்ள. கொசு கடிச்சிருக்கு."

"காட்டுங்க."

அவர் பானையை வைத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார். ரவிக்கைக் கையை மெதுவாக மேலே சுருட்டினார். முன்கையின் உள்பக்கம், நாணயம் அளவுக்கு ஒரு புண். ஓரத்தில் சிறு சிறு கொப்புளங்கள் வட்டமாக. நடுவில் குழிந்து, அடுப்புக் கரியைத் தேய்த்துவிட்ட மாதிரி கறுப்பு. அதைச் சுற்றி முழங்கை வரைக்கும் வீக்கம்.

"வலிக்குதா?"

"அதான் சொல்றனே. வலிச்சாத்தான உங்ககிட்ட சொல்லியிருப்பேன். கொஞ்சம் கூட வலியில்ல. ஊசி வெச்சுக் குத்துனா கூடத் தெரியாது போல." அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத் தொந்தரவு இல்லை என்று காட்டுவதற்காக.

வலி இல்லாததுதான் அடையாளம். அதைச் சொல்லவில்லை. செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றேன். அடுப்பை அணைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ரசம் கொதிக்கட்டும் என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்ப் புடவை மாற்றினார்.

பாப்பாவைக் கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தி கவுனைக் கழற்றினேன். குளிக்கணுமா அப்பா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விரல் இடுக்கு, உள்ளங்கை, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். இறைச்சிக்கூடத்தில் பார்ப்பது போலவே வரிசையாகப் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கழுத்துக்குப் பின்னால் சிவப்பாக ஒரு தடிப்பு.

கட்டைவிரலால் அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"ம்ஹூம்."

இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

"வலிக்குதாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வலிக்குது. விடுங்கப்பா, நீங்க அமுக்கறதாலதான் வலிக்குது." அவள் உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கினாள்.

அழுதுகொண்டிருந்த குழந்தையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அழுவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பாட்டியைப் பார்த்து அப்பா கிள்ளிட்டார் என்று புகார் சொன்னாள். அத்தை, உங்கப்பனுக்கு வேற வேலை இல்லை என்று சொல்லித் தூக்கப் போனார். தூக்க வேண்டாம் என்று கையை நீட்டி நிறுத்தினேன். அவர் அப்படியே நின்றார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைவிடச் சின்னவர். புண்ணைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை என்றார். நானும் மனிதர் உடம்பில் பார்த்ததில்லை என்றேன். மூத்த டாக்டருக்குப் போன் போட்டார். அத்தையை உள்ளே சேர்த்து உடனே நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சீக்கிரம் வந்துவிட்டீர்கள், தோலோடு நிற்கிறது, பிழைத்துவிடுவார் என்றார் மூத்த டாக்டர். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பாப்பாவுக்கும் எனக்கும் முன்கூட்டியே மருந்து. சின்னவன் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அம்மாவைப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து எழுந்தான். கிட்டே போகவில்லை. சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டான்.

"அம்மாட்ட நான் என்னன்னு சொல்றது அத்தான்?"

பாப்பாவைப் பார்த்துக்கொள் என்றேன்.

கடைத்தெருவுக்கு நான் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாலை வியாபாரம் தொடங்கும் நேரம். மாமா கட்டையை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கத்திகளை வரிசையாக வைத்திருந்தார். முன்னால் ஒரு தொடை தொங்கியது. அதில் என் முத்திரை.

"வாங்க மாப்பிள்ள. என்ன இந்த நேரத்துல? அவ போனே எடுக்கல, வீட்டுல எல்லாம் எங்க?"

ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். செத்த மாட்டை, மைக்ராஸ்கோப்பில் கண்டதை, ஞாயிற்றுக்கிழமை மாட்டை. அத்தையின் கையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அது தவறு. முதலில் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மாமா கேட்டுக்கொண்டே துணியால் தராசைத் துடைத்தார். சுத்தமாக இருந்த தராசை.

"ரத்தம் நல்லா வந்துச்சே மாப்பிள்ள. நானே நின்னு பாத்தேன்."

"அதுதான் மாமா நோய்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். துணியை மடித்து வைத்தபடி, சரி, கடையை மூடிவிடலாம் என்றார். வாங்கினவர்களுக்கெல்லாம் போன் போட்டு, ஃப்ரீசர் பழுதாகிவிட்டது, கறி கெட்டுவிட்டது, எடுத்துக் கொட்டிவிடுங்கள், வேறு தருகிறேன் என்று சொல்லலாம் என்றார். பிள்ளை பேர் வெளியே வர வேண்டாம். அவன் இப்போதுதான் ஒரு வேலையில் காலூன்றியிருக்கிறான். சொல்லச் சொல்ல அவர் குரல் நிதானமாகிக்கொண்டே வந்தது. அவருக்கே அது நியாயமாகப் பட ஆரம்பித்துவிட்டது.

"கெட்டுப்போச்சுன்னா குப்பையில போடுவாங்க. நாய் இழுக்கும். ஏற்கெனவே சாப்பிட்டவங்க, கழுவுனவங்க, அவங்கள்லாம் மருந்து சாப்பிடணும். எதுக்குன்னு சொல்லாம எப்படி மாமா சாப்பிட வைக்கறது?"

"மெதுவா சொல்லிக்கலாம். இன்னைக்கே வேணாம்."

"சொல்லிட்டேன். ஆஃபீஸுக்கு மத்தியானமே சொல்லிட்டேன். வந்துட்டிருக்காங்க."

மாமா என்னைப் பார்த்தார். அவர் மகளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை.

"என் கடையப் பத்தி நீங்களா சொன்னீங்க?"

"நான்தான் சொல்லணும். நான் குத்துன சீல முன்னால தொங்கவிட்டுத்தான வித்தீங்க."

அவர் கை தானாகக் கத்தியின் பிடியைத் தொட்டுவிட்டு விலகியது. வேறொன்றும் இல்லை, பழக்கம். பேசும்போது கை வைக்க அவருக்கு அந்த இடம்தான். ஆனால் இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

"பொண்ணு போனதும் மாப்பிள்ளையும் வேத்தாளு ஆயிட்டீங்க," என்றார்.

"அத்தைய அட்மிட் பண்ணியிருக்கு மாமா."

அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது. மறுபடி சொன்னேன். கையில் புண், மருந்து ஏறுகிறது, பிழைத்துவிடுவார் என்கிறார்கள் என்றேன். பிழைத்துவிடுவார் என்ற சொல்லைக் கேட்டதும்தான் அவர் நிலைகுலைந்தார். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் போன தடவை, அவர் மகளுக்கும் சொன்னார்கள். கழுவின கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் மேல் யாரையும் கை வைக்க விடாதவர். வேட்டியில் ஈரம் ஊறியது.

பிறகு எழுந்து ஷட்டரை அவரே முழுதும் இழுத்து மூடினார். உள்ளே ஒரு பல்பு வெளிச்சம். அதில் அவர் கைகளையும் கழுத்தையும் பார்த்தேன், புண் எதுவும் இல்லை.

"கேளுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களை ஒவ்வொருவராகச் சொன்னார். மூலைவீட்டு டீச்சருக்கு எலும்போடு கொஞ்சம். தையல்காரருக்குத் தொடை. ரொட்டிக்கடைக்காரருக்குக் கொத்துக்கறி. டிரைவர் வீட்டில் விருந்து நடந்ததால் ஒரு முன்தொடை முழுதாக. நான் ஒவ்வொரு வீட்டையும் சுகாதார அலுவலருக்குப் போனில் சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா யாரையும் மறைக்கவில்லை. சிலரைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

முடித்துவிட்டார். நான் அவர் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தேன். நாள்தோறும் முழு மாட்டைத் தொங்கவிட்டுப் பார்க்கிறவன். இரண்டு பின்தொடை வந்துவிட்டது. விலா வந்துவிட்டது. நெஞ்சும் ஈரலும் வீட்டுக்குப் போனது. முன்தொடையில் ஒன்றுதான் வந்திருக்கிறது.

"இன்னொரு முன்தொடை எங்க மாமா?"

"அத விக்கல."

"ஃப்ரீசர்ல இருக்கா?"

"இல்ல. குடுத்தேன்."

யாருக்கு என்று கேட்டேன். அவர் தராசைப் பார்த்துக்கொண்டு பேசினார். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். மகள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே கறி கொடுத்து வருகிறார். அவள் பேரில். இத்தனை மாதமாக. அத்தைக்குத் தெரியும், சின்னவனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

"ஏன் சொல்லல?"

"உங்க முன்னாடி அவ பேர எடுக்கவே பயமா இருக்கு மாப்பிள்ள."

ஷட்டருக்கு வெளியே யாரோ தட்டினார்கள். என்ன பெரியவரே, இன்னைக்குக் கடை இல்லையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இல்லத்தின் எண் மாமாவின் போனில் இருந்தது. நான் பேசினேன். நிர்வாகி அம்மா எடுத்தார். மாமாவின் பெயரைச் சொன்னதும் குரலில் சந்தோஷம். இந்த வாரமும் உண்டுதானே, பெரியவர்கள் வியாழக்கிழமையிலிருந்தே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். நான் என்ன படித்தவன், எங்கே வேலை என்று சொல்லிவிட்டு, அங்கே யாருக்காவது காய்ச்சல், வாந்தி, வயிற்றுவலி உண்டா என்று கேட்டேன். யாருக்கும் இல்லை என்றார். பல் இல்லாதவர்கள், அதனால் ரொம்ப நேரம் குழைய வேகவைத்துத்தான் கொடுப்போம் என்றார். மருந்து கொடுக்க ஆள் வருவார்கள், யாரும் வெளியே போக வேண்டாம் என்றேன். அந்த அம்மாவுக்குக் குழப்பம். இருந்தாலும் சரி என்றார்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அவருக்குச் சைகை காட்டினேன். அவர் மூச்சு விட்டார்.

அப்புறம் போனில் அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கறிய வெட்டிக் கழுவுனது யாரு?"

"எங்க சமையக்காரம்மாதான். நல்ல கை அவங்களுக்கு."

"அவங்ககிட்ட போன குடுங்க."

"அவங்க இல்லையே டாக்டர். புதன்கிழம பொண்ணு வீட்டுக்குப் போனாங்க. கழுத்துல என்னமோ கொப்புளம் மாதிரி வந்து கறுத்துப் போச்சு. வலியே இல்லம்மான்னு சிரிச்சிட்டேதான் போனாங்க. முகம் மட்டும் ஒரு பக்கமா வீங்கியிருந்துச்சு. பொண்ணு வீட்டுல ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு நாங்கதான் அனுப்பினோம்."

சமையல்காரம்மாவின் போன் எண்ணைக் கேட்டேன். போன் வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை என்றார். மகள் இருப்பது எந்த ஊர் என்று கேட்டேன். பஸ்ஸில் போகிற தூரம் என்று தெரியும், எந்த ஊர் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை என்றார்.

"வெறுங்கையோட போகலங்க," என்றார் அந்த அம்மா. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "பேரப்பிள்ளைங்களுக்குன்னு ஃப்ரீசர்ல மிச்சம் இருந்த கறியெல்லாம் நாங்களே பையில போட்டுக் குடுத்தோம். பாவம், அவங்களும்தான் என்னைக்கு நல்ல கறி சாப்பிடறது. ஏன் டாக்டர்?"

ஷட்டரைத் தூக்கினேன். சுகாதார அலுவலக ஜீப் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்களிடம் சமையல்காரம்மாவைப் பற்றிச் சொல்லி, கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மாமா பின்னால் ஏறிக்கொண்டார். பஸ் நிலையத்தில் யாரிடம் என்ன சொல்லி விசாரிப்பது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

வயதான ஓர் அம்மா. ஒரு பக்கம் வீங்கிய முகம். கையில் ஒரு பை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.